மலக்குடல் புற்று, 71 வயது: மலைக்கு அந்தப் பக்க வைத்தியரா, ஆஸ்பத்திரியா?

புளியரைக்காரர்:

வணக்கம். எனக்கு 71 வயது, ஊர் செங்கோட்டைப் பக்கம் புளியரை, மலையைத் தாண்டினால் கேரளா. தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் சொல்லச் சொல்ல பேத்தி போனில் எழுதுகிறாள், சில விஷயங்களை அவளிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை.

ஐப்பசியில் இருந்தே வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். துத்திக் கீரையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றேன், கருணைக்கிழங்கு தின்றேன், அப்படியே நாலைந்து மாதம் ஓடிப்போயிற்று. மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அவள் வந்து பார்த்துவிட்டு சத்தம் போட்டு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, எம்ஆர்ஐ, சிடி எல்லாம் முடிந்தது. மலக்குடலில் கட்டி. ஆசனவாயில் இருந்து 3 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறதாம். மூன்றாம் நிலை, பக்கத்து நெறிக்கட்டிகளில் பிடித்திருக்கிறது, கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகவில்லை.

டாக்டர் சொன்னது: முதலில் ஐந்தரை வாரம், 28 முறை கதிர்வீச்சு, அந்த நாட்களில் காலையும் இரவும் மாத்திரை. அப்புறம் சில வாரம் இடைவெளி விட்டு ஆபரேஷன். கட்டி ரொம்பக் கீழே இருப்பதால் ஆசனவாயையே எடுத்துத் தைத்துவிட வேண்டியிருக்கலாம், வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகப் பை மாட்ட வேண்டும் என்றார்.

அந்தப் பை என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. நான் 30 வருடமாக மார்கழியில் ஆரியங்காவு திருக்கல்யாணத்துக்குத் தவறாமல் போகிறவன். வயிற்றில் மலத்தைக் கட்டிக்கொண்டு சன்னதியில் எப்படி நிற்பது? பேரப்பிள்ளைகள் மடியில் ஏறுமா?

இப்போது சம்பந்தியம்மா மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியரைச் சொன்னார்கள். அவர்களுடைய அக்காவுக்கே அவரிடம் குணமாயிற்றாம். போய்ப் பார்த்தேன். லட்சுமி தரு என்ற மரத்தின் இலையும் முள்ளாத்தா இலையும் (நம் பக்கம் முள் சீத்தா என்பார்கள்) போட்ட கஷாயம், கூட ஒரு மெழுகு (மெழுகுப் பதத்தில் உருட்டி விழுங்கும் நாட்டு மருந்து), 90 நாள். உப்பு, புளி, பால் கிடையாது. இங்கிலீஷ் மருந்து ஒன்றுகூடச் சேரக் கூடாது, சேர்ந்தால் முறிந்துவிடும் என்கிறார். சதை வெட்டி எடுத்ததே தப்பு, கத்தி பட்டால் பரவும் என்றும் சொன்னார். 45 ஆயிரம் ரூபாய், மூன்று தவணை. முன்பணம் 5 ஆயிரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் பேசவில்லை. வீட்டுக்காரி வைத்தியர் பக்கம். 90 நாள் கஷாயத்தைப் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன? இந்த வயதில் இவ்வளவு கஷ்டம் தேவையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடையத்தான்:

ஐயா, கோபமாக எழுதுவது போல இருந்தால் மன்னிக்கணும். 2014-ல் எங்க அம்மாவுக்கு மார்பில் கட்டி. நெல்லிக்காய் அளவு. அப்போது கேரளாவில் லட்சுமி தரு பித்துப் பிடித்திருந்த நேரம், கன்று வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள், நாங்களும் புனலூர் போய் இரண்டு கன்றும் ஒரு மூட்டை காய்ந்த இலையும் வாங்கி வந்தோம். ஏழு மாதம் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். முதல் மாதம் "கொஞ்சம் இளகின மாதிரி இருக்கு" என்றார்கள், நாங்களும் தொட்டுப் பார்த்து ஆமாம் ஆமாம் என்றோம். ஏழாவது மாதம் அது உடைந்து புண்ணாகி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. "முதலிலேயே வந்திருந்தால் கட்டியை எடுத்து முடித்திருப்போம்" என்று அந்த டாக்டர் சொன்னதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு 14 மாதம் இருந்தார்கள்.

எங்களை யாரும் ஏமாற்றவில்லை, இலை விற்றவர் நல்ல மனுஷர், அவர் வீட்டிலும் குடித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அந்த இரண்டு கன்றில் ஒன்று இப்போது மாடி உயரம். வெட்டவும் மனசு வரவில்லை.

90 நாள் பார்ப்போம் என்கிறீர்களே, 90 நாள் முடிந்தால் "இன்னும் ஒரு 45 நாள்" என்பார்கள். நாங்களும் 48 நாளில்தான் ஆரம்பித்தோம்.

மலையோரம்:

எல்லாரும் பயமுறுத்தாதீங்க. எங்க மாமாவுக்கு கல்லீரல்ல கட்டின்னாங்க, ஆறு மாசம்னு நாள் குறிச்சாங்க, நாட்டு மருந்துல இன்னைக்கும் ரப்பர் வெட்டப் போறார். கீமோ போட்டு செத்தவங்களை நானே பத்துப் பேர் காட்டுவேன். நித்தியகல்யாணியில இருந்துதான் கேன்சர் மருந்தே எடுக்குறான், அப்ப நம்ம மூலிகை பொய்யா?

தென்மலை மருமகள்:

பிறந்தது செங்கோட்டை, வாழ்வது தென்மலை, கதிர்வீச்சுப் பிரிவில் 11 வருடமாக நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை.

முதலில் மலையோரம் அண்ணனுக்கு. உங்கள் மாமாவுக்கு சதை எடுத்துச் சோதித்தார்களா, ஸ்கேனில் மட்டும் பார்த்தார்களா? கல்லீரலில் ரத்தக்குழாய்க் கட்டி உண்டு, சீழ்க்கட்டி உண்டு, புற்றே இல்லாதவை நிறைய. நித்தியகல்யாணி விஷயம் நீங்கள் சொன்னது நிஜம்தான். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் அதில் இருந்து வந்தவை, 1950களின் கடைசியில் கனடாவில் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த ஒரு கிராமையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியில் ஏற்றுகிறோம், கொஞ்சம் கூடினால் நரம்பு போய்விடும். அதைக் கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்து யார் அளப்பது? போகட்டும், அந்த மருந்துகள் மலக்குடல் புற்றுக்குக் கொடுப்பதும் இல்லை.

இனி அப்பாவுக்கு (உங்களை அப்படித்தான் கூப்பிடத் தோன்றுகிறது).

சதை எடுத்ததால் பரவும் என்பது தப்பு. அந்தச் சோதனை இல்லாமல் உங்களுக்கு என்ன மருந்து என்றே யாராலும் சொல்ல முடியாது.

90 நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதுதான் எனக்கு பயம். இப்போது உங்கள் நோய் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரும் கட்டத்தில் இருக்கிறது. கல்லீரலுக்குப் போய்விட்டால் பேச்சே வேறு. இன்னொன்றை வைத்தியர் சொல்லியிருக்க மாட்டார். கட்டி வளர்ந்து வழியை அடைத்துவிட்டால் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, நடு ராத்திரியில் ஆம்புலன்சில் வருவீர்கள். அப்போது உயிரைக் காப்பாற்ற முதலில் செய்வதே வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டுவதுதான். பைக்குப் பயந்து கஷாயம் குடித்தவர்கள் அவசரப் பையோடு எங்கள் வார்டில் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

2018-ல் யேல் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாத நிலையில் மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. குடல் புற்றில் மட்டும் பார்த்தால் நாலரை மடங்கு. புராஸ்டேட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அது மெதுவாக வளர்வது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது குடல்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கதிர்வீச்சும் மாத்திரையும் முடிந்தபின் நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு மலக்குடல் கட்டி முழுசாகக் கரைந்துவிடுவது உண்டு. அப்படிக் கரைந்தவர்களை உடனே வெட்டாமல் நெருக்கமாகக் கண்காணிக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிரேசிலில் ஆஞ்செலிட்டா ஹபர்-காமா என்ற பெண் சர்ஜன் 2004-ல் இதன் முடிவுகளை வெளியிட்டார், இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டும், இடையிடையே எம்ஆர்ஐ எடுத்தும் பார்க்க வேண்டும், ஏமாற்றக் கூடாது. நாலில் ஒருவருக்குக் கட்டி திரும்பி வரும், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள், அப்போது ஆபரேஷன். உங்களுக்குக் கரையும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் "கத்தி இல்லாமல் முடியுமா" என்ற கேள்வியை வைத்தியரிடம் கேட்டதற்குப் பதில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஐந்தரை வாரம் தங்க முடியாதவர்களுக்கு ஐந்தே நாளில் முடிக்கும் கதிர்வீச்சு முறையும் உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

முள்ளாத்தா பழத்தைப் பழமாக எப்போதாவது தின்றால் ஒன்றும் ஆகாது. இலைக் கஷாயத்தைத் தினமும் குடிப்பது வேறு. அதில் அன்னோனாசின் என்று ஒரு நரம்பு நஞ்சு இருக்கிறது, குவாதலூப் தீவில் அதை நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நடுக்க நோய் கூடுதலாக இருப்பதாக 1999-லேயே எழுதினார்கள்.

கதிர்வீச்சோடு தரும் மாத்திரையை, சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் போடணும். போலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரை எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது, இந்த மாத்திரையின் பக்கவிளைவை அது ஏற்றிவிடும். என்ன குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

புளியரைக்காரர்:

அடைத்துக்கொண்டால் பை வந்தே தீரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை அம்மா. ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெழுகைப் பற்றி யாருக்காவது தெரியுமா? கறுப்பாக, சுண்டைக்காய் அளவு உருட்டிப் பனைவெல்லத்தில் வைத்து விழுங்கச் சொன்னார். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பாளை சித்தா:

ஐயா, நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த சித்த மருத்துவர். என் தாத்தாவும் வைத்தியர். அதனால் நான் சொல்வதை இங்கிலீஷ் மருத்துவத்தின் கட்சி என்று எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

புற்றுக்குச் சித்த மருத்துவத்தில் கொடுக்கும் மெழுகுகளில் ரசகந்தி மெழுகு ஒன்று. பெயரிலேயே இருக்கிறது, ரசம் என்றால் பாதரசம், கந்தி என்றால் கந்தகம். சேராங்கொட்டை சேர்ந்தவையும் உண்டு, அது சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் மேலெல்லாம் கொப்புளம் போடும். உங்கள் கையில் இருப்பது எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை. வைத்தியரிடம் மருந்தின் பெயரையும் சேர்மானத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவு எண்ணையும் கேளுங்கள். "இது பரம்பரை ரகசியம்" என்றால் அந்த உருண்டையை விழுங்காதீர்கள். 71 வயது சிறுநீரகம் அது.

புற்றைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். அந்தப் பட்டியலில் புற்று இருக்கிறது. ஆனாலும் நம் மலையின் இரண்டு பக்கமும் சுவர் முழுக்க எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

கத்தியே படக் கூடாது என்பது நம் மரபின் பேச்சா? கடையம் பக்கம் தோரணமலைக்குப் போயிருப்பீர்கள். ராஜாவின் தலைக்குள் தேரை இருந்ததும், அகத்தியர் மண்டையைத் திறந்ததும், சீடன் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டித் தேரையைக் குதிக்க வைத்ததும், அதனால் அவனுக்குத் தேரையர் என்று பெயர் வந்ததும் அங்கே படியேறுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கதையாகவே இருக்கட்டும். அதில் அகத்தியர் கஷாயம் காய்ச்சிக்கொண்டு 90 நாள் காத்திருக்கவில்லையே.

என்னிடம் இந்த நிலையில் ஒருவர் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். சிகிச்சை முடிந்து பசி, தூக்கம், கை கால் அசதி என்று வந்தால் என்னால் முடிந்ததைச் செய்வேன், அதுவும் அவர்கள் டாக்டருக்குத் தெரிந்துதான். கதிர்வீச்சு நடக்கும்போது கடுக்காய், திரிபலா எதுவும் வேண்டாம். ஏற்கெனவே வயிறு போகும் நேரம் அது, இவை இன்னும் இளக்கிவிடும். மோர், இஞ்சித் துவையல், சீரகத் தண்ணீர், குழைந்த சோறு. அவ்வளவு போதும். உப்பும் பாலும் தள்ளச் சொல்வதை இந்த வயதில் ஒத்துக்கொள்ளாதீர்கள், எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்க மாட்டீர்கள்.

ஓய்வு பெற்ற கண்டக்டர்:

அண்ணாச்சி, எல்லாரும் நோயைப் பற்றிப் பேசுகிறார்கள், நீங்கள் கேட்டது பையைப் பற்றி. அதை நான் சொல்கிறேன். எனக்கு நாலு வருடமாகப் பை இருக்கிறது. உங்களுக்கு வந்த அதே இடத்தில்தான் எனக்கும். இப்போது 68.

தென்காசி, திருவனந்தபுரம் வண்டியில் ஓடியவன். திருவனந்தபுரத்தில் ஆர்சிசி என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிய 1981-ல்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். தலையில் துணி கட்டிக்கொண்டு மடியில் ஸ்கேன் கவரோடு குளத்துப்புழை வழியாக என் வண்டியில் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா. ஒருநாள் நாமும் கவரோடு உட்காருவோம் என்று நினைக்கவே இல்லை.

முதல் மூன்று மாதம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கீழே தைத்த இடம் ஆற நாளாகும், கதிர்வீச்சு வாங்கின உடம்பு என்பதால் இன்னும் மெதுவாக ஆறும், தலையணை இல்லாமல் உட்கார முடியாது. இல்லாத ஆசனவாயில் வெளிக்கு வருவது போலவே இருக்கும், அது நரம்பின் விளையாட்டு, போகப் போகக் குறையும். ஒருதரம் ஆலங்குளம் கல்யாண வீட்டில் பை பக்கவாட்டில் கசிந்து, பந்தியில் இருந்து எழுந்து ஓடினேன். அன்றைக்கு அழுதேன். அப்புறம் எப்போதும் தோளில் ஒரு சின்னப் பையில் மாற்றுப் பை, ஈரத்துணி, ஒரு வேட்டி. அதோடு கதை முடிந்தது.

ஆபரேஷன் வருமானால் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள். துளை போடும் இடத்தை முந்தின நாளே மை வைத்துக் குறிப்பார்கள். பேண்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் எப்போதும் கட்டுகிற மாதிரி வேட்டி கட்டி, உட்கார்ந்து, குனிந்து, நின்று காட்டுங்கள். வேட்டி மடிப்பு விழும் இடத்துக்கும் வயிற்று மடிப்புக்கும் விலகிக் குறி போடச் சொல்லுங்கள். நான் இதைக் கேட்காமல் விட்டு, வேட்டியை ஒரு விரல்கடை இறக்கித்தான் இன்றைக்கும் கட்டுகிறேன், வீட்டில் பேரன் "தாத்தா ஸ்டைல்" என்கிறான்.

டாக்டர் சம்மதித்தால் துளை வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவும் முறை சொல்லித் தருவார்கள். காலையில் முக்கால் மணி நேரம் கழிவறையில் உட்கார்ந்தால் அன்றைக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது, துளைக்கு மேல் சின்ன மூடி மட்டும் ஒட்டிக்கொள்கிறேன். எல்லாருக்கும் இது ஒத்துவராது, எனக்கு வந்தது. முட்டையும் பூண்டும் மீனும் தின்றால் வாடை வரும், வெளியூர் போகிற நாளில் தள்ளிவிடுவேன். மோர் நிறையக் குடிப்பேன். குற்றாலத்தில் பேரருவிக்குக் கீழே நிற்பதில்லை, சிற்றருவியில் ஓரமாகக் குளிக்கிறேன்.

கோயிலா? போன மார்கழி ஆரியங்காவில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பத்துப் பேர், பின்னால் ஒரு பத்துப் பேர். யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே இருப்பவருக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், 5 லட்சம் வரை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் அது செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கதிர்வீச்சு திருநெல்வேலி, மதுரை அரசு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு.

புளியரைக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

தென்மலை அம்மா மலையோரத்தாரிடம் கேட்ட கேள்வியை நான் சம்பந்தியம்மாவிடம் கேட்டேன், உங்கள் அக்காவுக்கு என்ன புற்று, யார் சோதித்தார்கள் என்று. இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் அக்கா மகனே போன் செய்தான். கர்ப்பப்பையில் வந்ததாம், ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்த பிறகுதான் வைத்தியரிடம் போய்க் கஷாயம் குடித்திருக்கிறார்கள். சம்பந்தியம்மா பொய் சொல்லவில்லை, அவர்கள் மனசில் குணமாக்கியது கஷாயம்தான். எனக்குத்தான் முன்பாதியைக் கேட்கத் தோன்றவில்லை.

வைத்தியரிடம் மெழுகின் பெயரை எழுதித் தரச் சொன்னேன். "நம்பிக்கை இல்லாதவனுக்கு மருந்து பலிக்காது" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டாலும் வராது.

டாக்டரிடம் கரைந்தால் காத்திருந்து பார்க்கும் முறையைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை யார் உங்களுக்குச் சொன்னது என்றார். கதிர்வீச்சு முடிந்து எம்ஆர்ஐ பார்த்தபின் பேசலாம், இப்போது எந்த வாக்கும் தர மாட்டேன் என்றார். வியாழக்கிழமை கதிர்வீச்சுக்கு அளவெடுக்க ஸ்கேன். மகள் பேசுகிறாள், ஆனால் இன்னும் கோபம்தான். வீட்டுக்காரி ஆரியங்காவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், அதற்கு நான் குறுக்கே போகவில்லை.

கண்டக்டர் தம்பி, ஒரு சந்தேகம். நான் வேட்டியைத் தொப்புளுக்கு மேலேயே கட்டுகிறவன், அதற்கும் உங்கள் ஆலோசனை பொருந்துமா? பேத்தி இதை எழுதிவிட்டுச் சிரிக்கிறாள்.